பத்து எண்ணும் நேரம்

அப்பாவுக்குப் பேச்சு போனது 2019 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் காலை ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசித்ததே அவர்தான். முப்பத்தோரு வருஷம் கிராமத்துச் சபையைக் கவனிக்கிற உபதேசியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடையன்குடிப் பக்கம், பனங்காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் தனியாக இருந்தார். அம்மா இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. "பாளையங்கோட்டைக்கு வந்திருங்கப்பா" என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "நான் வந்துட்டா இங்க கோயில் மணி யாரு அடிப்பா?" என்பார்.

சாயந்திரம் நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு மதினி போன் பண்ணினாள். "மாமா காப்பி டம்ளரைக் கீழ போட்டுட்டாவ. வாய் ஒரு பக்கமா இழுத்தாப்ல இருக்கு. பேசுதது ஒண்ணும் புரியல."

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு ஊசியைப் போட்டு, "வெயில்ல அலைஞ்ச அசதி, ராத்திரி நல்லாத் தூங்கினா சரியாயிரும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஊருக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆகிவிட்டது. அப்பா கட்டிலில் படுத்திருந்தார். கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை தூக்கினார். வலது கை பாதியில் விழுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் சுற்றி நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் முழங்கால் போட்டேன். "கர்த்தர் பார்த்துக்கிடுவார், காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று முடிவு செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. விடியும்போது வலது கையும் காலும் அசையவே இல்லை.

பொறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. அன்று ராத்திரி நாங்கள் காத்திருந்ததற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். அது வெறும் தாமதம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், அந்த அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். அதற்கும் முன்னால் தலையை ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். இதை எனக்கு மறுநாள் பெரிய டாக்டர் சொன்னார். நாலு மணியையும் நாலரையையும் கூட்டிப் பார்த்தேன். எட்டரை. ஏழு மணிக்கு நான் அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்து ஸ்கேனும் எடுத்து முடித்திருக்க முடியுமா, தெரியாது. ஆனால் நாங்கள் கிளம்பவே இல்லை.

அதனால் இதை வாசிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்குப் போன் போடுங்கள். ஸ்கேன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். வண்டியில் போகும்போது ஜெபம் பண்ணலாம். கர்த்தர் வண்டியிலும் கேட்பார்.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, முருகன்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு அப்பாவைக் கொண்டுவந்தோம். உயிருக்கு ஆபத்து இல்லை. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார்கள். பேச்சுதான் போய்விட்டது. முழுக்கப் போயிருந்தால்கூட மனது ஒரு நிலைக்கு வந்திருக்குமோ என்னவோ. அவரிடம் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது: "சரி."

தண்ணீர் வேண்டுமானாலும் "சரி". வலித்தாலும் "சரி". கோபம் வந்தால் "சரி சரி சரி!" என்று கட்டிலின் விளிம்பை இடது கையால் அடிப்பார். நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வரும்போது இந்த ஒரு சொல்லாக மாறிவிடுகிறது. பிரசங்கம் பண்ணின வாய். சங்கீதம் 119ஐப் பார்க்காமல் சொல்லுகிற வாய். மும்பையில் இருக்கிற தம்பி வீடியோவில் அவரைப் பார்த்துவிட்டு அழுதான். அப்பா அவனுக்கும் "சரி" என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை. ஊசிக்கோபுரத்து மணி அடித்தது. எங்கள் வீட்டுக்கு அந்த மணிச் சத்தம் நன்றாகக் கேட்கும். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826ல் கட்டின கோயில் அது. அப்பா சிறுவயதில் இருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவர். மணி நின்றதும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தேன். "உம்முடைய நாமம்" என்று நான் மூச்சு எடுக்கும்போது, "பரிசுத்தப்படுவதாக" என்று இன்னொரு குரல்.

கண்ணைத் திறந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கரகரவென்று இருந்தது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." ஒரு சொல் தப்பவில்லை. ஆமென் வரைக்கும் சொன்னார். என் மகள் அடுத்த அறையில் இருந்து ஓடிவந்து, "அம்மா, தாத்தா பேசுதாங்க!" என்று கத்தினாள்.

அன்றைக்கு நான் போன் போடாத ஆள் இல்லை. சபை குருவானவர் ஐயருக்குச் சொன்னேன், ஊருக்குச் சொன்னேன், தம்பிக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகள் அடுக்கினேன். காப்பி போட்டுக்கொண்டு போய், "அப்பா, ஏதாவது பேசுங்க" என்றேன். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சரி" என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் அன்று மதியம் இதைச் சொன்னேன். இருபத்தைந்து வயது இருக்கும், பொறுமையான பிள்ளை. "அக்கா, மனப்பாடமா ஊறிப்போன ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, இதெல்லாம் இந்த மாதிரி ஆனவங்க சில பேருக்கு அப்படியே வரும். தானா யோசிச்சுப் பேசுறது வேற. அது இனிமேத்தான் வரணும்" என்றாள். எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. அப்படியானால் அது அற்புதம் இல்லையா? ரெண்டு மூன்று நாள் கர்த்தரோடு நான் சரியாகப் பேசவில்லை.

இப்போது அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். எழுபது வருஷமாகத் தினமும் சொல்லிச் சொல்லி, மூளையில் சொல் பிறக்கிற இடம் கெட்டுப்போன பிறகும் அழியாத அளவுக்கு அந்த ஜெபம் அவருக்குள் இறங்கியிருந்தது. அவர் மறந்தாலும் அது அவரை விடவில்லை. இதற்கு டாக்டர் ஒரு காரணம் சொல்வதால் இதில் கர்த்தருடைய கை இல்லை என்று ஆகிவிடாது. அதைவிட, "இன்று" என்ற சொல் அதற்கப்புறம்தான் என் காதில் விழுந்தது. ஆகாரத்தை இன்று தாரும் என்றுதான் கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் ஒரே நாளில் அப்பாவை முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தத் தங்கைதான் எனக்குப் பொறுமையைக் கற்றுக் கொடுத்தாள் என்று சொல்வேன். பிரசங்கத்தில் கேட்ட பொறுமை எல்லாம் பெரிய பெரிய பொறுமை: ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் வாக்குத்தத்தம் வாங்கி நூறு வயதில் ஈசாக்கைக் கண்டது, யோசேப்பு சிறையில் கிடந்தது. இவள் சொன்னது பத்து விநாடி. "ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. அவங்க முகத்தை மட்டும் பாருங்க."

செய்து பார்த்தால்தான் பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். "அப்பா, காப்பியா, பாலா?" என்று கேட்பேன். ஒன்று, ரெண்டு. அவர் புருவம் சுருங்கும். மூன்று. தொண்டையில் ஏதோ ஏறி இறங்கும். "காப்பிதானேப்பா?" என்று சொல்லிவிடுவேன். உடனே அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "அக்கா, நீங்க மூணுலயே முந்திக்கிடுறீங்க" என்பாள் அவள். உதவி செய்கிறோம் என்று நினைத்து, ஒரு சொல் பிறந்து வருகிற வழியை நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் எட்டு எண்ணி முடித்திருந்தேன். "பா" என்றார். வாயை மூடித் திறந்து மறுபடியும், "பா... ல்."

பால் சுட வைக்கப் போனவள் அடுப்படியில் நின்று அழுதேன். யாருக்கும் போன் போடவில்லை.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும், அதுவும் சின்னதாக. டிவியை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்த வேண்டாம். அவருக்குக் காதில் குறை இல்லை. டம்ளர், சோறு, பாத்ரூம், வலி, பைபிள் என்று என் மகள் ஒரு அட்டையில் படம் வரைந்து கொடுத்தாள், தொட்டுக் காட்டுவதற்கு. பைபிள் படம் மட்டும் சீக்கிரமே அழுக்காகிவிட்டது. அப்புறம் பாட்டு. பேச வராதவருக்குக் கீர்த்தனை வந்தது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் ரெண்டு பாட்டு பாடுவோம். சொற்களோடு, ராகம் பிசகாமல் பாடினார். முக்கியமானது, அவரை முன்னால் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள். நான் பேசினேன். அவர் கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்துதான் நிறுத்தினேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் உண்மையாக இராது.

பார்க்க வந்தவர்களில் சிலர், "குடும்பத்துல விசுவாசம் கொறைவா இருந்தா சுகம் தாமதிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியூரில் இருந்து வந்த ஒருவர், தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டு, "இனி மாத்திரை வேண்டாம், விசுவாசத்தோட நிறுத்துங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. ஆனால் அப்பா நிறுத்திவிட்டார். மூன்று நாள் பிரஷர் மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். படுக்கை விரிப்பை மாற்றும்போது மூன்று மாத்திரையும் தரையில் விழுந்தன. பிரஷர் பார்த்தால் 190. எனக்குக் கோபம் அவர்மேல் வரவில்லை. சுகம் கிடைக்காததற்குத் தன் விசுவாசம்தான் காரணமோ என்று பேச முடியாத மனுஷன் ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு நினைத்திருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவரிடம் டோனாவூர் அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவருக்குத் தெரியாத கதை இல்லை. எனக்கே அவர்தான் சொன்னார். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல்தான் அந்த அம்மா. 1931ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அவர்களுக்குக் கால் ஒடிந்தது. அதற்கப்புறம் 1951 ஜனவரியில் இறக்கிற வரைக்கும், கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறையும் கட்டிலும்தான். சுகத்துக்காக ஜெபம் பண்ணாத நாள் டோனாவூரில் இருந்திருக்குமா? எழும்பி நடக்கவில்லை. அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே பல புத்தகம் எழுதினார்கள், பிள்ளைகளையும் விசாரித்தார்கள். "அவங்களுக்கு விசுவாசம் இல்லேன்னு யாராவது சொல்ல முடியுமாப்பா?" என்று கேட்டேன். பத்து எண்ணினேன். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். மறுநாள் மாத்திரையைக் கையில் வாங்கி, எனக்குத் தெரிகிற மாதிரி வாயில் போட்டுக்கொண்டார்.

நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் விசுவாசத்தை அளந்து பார்க்கப் போக வேண்டாம். எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் ரெண்டு மணிக்கு வருவார்கள். "நீ போய்த் தூங்கு, நாலு மணிக்கு எழுப்புதேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவார்கள். ஒரு வசனம்கூடச் சொன்னது கிடையாது. அந்த ரெண்டு மணி நேரத் தூக்கத்தில்தான் நான் அந்த வருஷத்தைத் தாண்டினேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பேச்சுப் பயிற்சியும் நின்றது, பிசியோதெரபியும் நின்றது. கோயில் மணி அடித்தது, கோயிலுக்குப் போக முடியவில்லை. எல்லாம் கையை விட்டுப் போகிறது என்று எனக்குப் பதற்றம். அப்போதுதான் தாத்தாவின் பனையேற்றம் நினைவுக்கு வந்தது.

தாத்தா பனையேறி. பாளை வந்தவுடனே பதநீர் வந்துவிடாது. பயினி என்போம் எங்கள் ஊரில். பாளையைக் கடிப்பு என்கிற மரக் கருவியை வைத்து இடுக்கி, நுனியைச் சீவி, இறங்கிவிட வேண்டும். மறுநாளும் ஏறி இடுக்கிச் சீவ வேண்டும். அதற்கு மறுநாளும். ஒரு சொட்டு இருக்காது. கலயம் கட்டாமலே நாள் கணக்கில் ஏறி இறங்குவார். பாளை கனிந்து சொட்டு விழ ஆரம்பித்த பிறகு, காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ரெண்டு நாள் சோம்பினால் வாய் அடைத்துக்கொள்ளும், பிறகு வராது. சீவுவதும் எப்படி? காகிதம் போல மெல்லிசாக. அவசரப்பட்டு ஒரு விரல்கடை சீவினால், பல நாள் பதநீரை ஒரே வெட்டில் வெட்டிப்போட்டான் என்று அர்த்தம். பாளை அருவாளை அதனால்தான் தாத்தா தினமும் சாயந்திரம் பலகையில் வெங்கச்சங்கல் பொடி போட்டுத் தீட்டிக்கொண்டிருப்பார்.

இதை வைத்து அப்பா எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்! நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டது. இப்போது அதை அவருக்கே செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். காலையில் கையை விரித்து மூடுவது பத்துத் தடவை, சுவரைப் பிடித்து நடப்பது நாலு தடவை, ஐந்து படத்துக்குப் பெயர் சொல்லச் சொல்வது, ஒரு சங்கீதம் சேர்ந்து வாசிப்பது, சாயந்திரமும் அதேதான். நோட்டில் என்ன கிடைத்தது என்று எழுதுவதில்லை. செய்தோமா என்று மட்டும் ஒரு டிக். முதலில் "இன்று விரல் அசைந்தது, அசையவில்லை" என்று எழுதிப் பார்த்தேன். அசையாத நாளில் என் மனது இறங்கி, அவர் மனதும் இறங்கியது. பலனை எழுதுவதை நிறுத்தின பிறகுதான் எங்களால் தொடர முடிந்தது. அந்த மாதிரி மூன்று நோட்டு முடிந்தது.

சும்மா உட்கார்ந்து காத்திருப்பதைப் பொறுமை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு ஒப்பவில்லை. யாக்கோபு நிருபத்தில், முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறவன் யார்? பயிரிடுகிறவன். உழுது விதைத்துவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறான். பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவாதவனுக்கு ஐப்பசி மழை வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?

நான் எல்லா நாளும் நன்றாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 ஜூனில் ஒரு ராத்திரி, மூன்றாவது தடவை படுக்கையை நனைத்துவிட்டார். விரிப்பை உருவி எறிந்து, "எத்தனை தடவைதான்!" என்று கத்திவிட்டேன். அவர் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டு, இடது கையால் தலையணையை இழுத்து ஈரத்தை மறைக்கப் பார்த்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். ஜெபிக்க ஒரு சொல் வரவில்லை. அப்பாவுக்கு வாய் அடைத்தது மாதிரி எனக்கு உள்ளே அடைத்துப்போனது. கடைசியில் பதின்மூன்றாம் சங்கீதம்தான் வந்தது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முதல் ரெண்டு வசனத்துக்குள் தாவீது நாலு தடவை எதுவரைக்கும் என்று கேட்கிறான். அப்படிக் கேட்பதைப் பரிசுத்த வேதாகமத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், நானும் கேட்கலாம். கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். கீழே வந்து அப்பா காலைப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். சொந்தமாக ஜெபம் வராத நாளில் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள்; அழ வேண்டிய சங்கீதத்தையே வாசியுங்கள்.

2021 கடைசியில் அப்பா கம்பு ஊன்றி நடந்தார். வலது கை திரும்பவில்லை. பேச்சில் நாற்பது ஐம்பது சொல் இருக்கும், ரெண்டு ரெண்டாகச் சேர்த்துச் சொல்வார். ஊருக்குப் போக வேண்டும் என்று "ஊரு... ஊரு" என்று வாசலைக் காட்டினார். கூட்டிக்கொண்டு போனோம். போகிற வழியில் இடையன்குடிக் கோயிலில் இறங்கினோம். அதைக் கட்டின மிஷனரி கால்டுவெல் ஐயரின் கல்லறை அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள், "இதைக் கட்ட எத்தனை வருஷம் ஆச்சும்மா?" என்றாள். 1847ல் ஆரம்பித்து 1880ல் பிரதிஷ்டை பண்ணினார்கள், முப்பத்து மூன்று வருஷம் என்றேன். ஆரம்பிக்கும்போது ஐயருக்கு முப்பத்து மூன்று வயது, முடிக்கும்போது அறுபத்தாறு. நடுவில் பெரும் பஞ்சம் வேறு வந்துபோனது. அத்தனை வருஷமும் அரைகுறைச் சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டு நடந்திருப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. "அதுவரைக்கும் எங்க ஜெபம் பண்ணினாங்க?" என்றாள் மகள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது. கட்டி முடியாத கோயிலுக்குப் பக்கத்திலும் ஜனங்கள் ஞாயிறுதோறும் ஆராதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஊரில் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே அப்பா எப்போதோ பெயிண்டில் எழுதி வைத்த வசனம் இன்னும் அழியாமல் இருந்தது: "விசுவாசிக்கிறவன் பதறான்." ஏசாயா 28:16. சின்ன வயதில், பரீட்சை, கல்யாணம், பிரசவம் என்று நான் பதறும்போதெல்லாம், "ஏட்டி, அதை வாசி" என்று கையைக் காட்டுவார். அதன் கீழே நின்று, பதறாமல் இருக்கிறேனா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். பதறுகிறேன்தான். பதறினாலும் பத்து வரை எண்ணுகிறேன்.

நான் கேட்டது கிடைக்கவில்லை. அப்பா மறுபடியும் பாடம் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் இப்போது கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறார், வேறு ஒருவர் வாசிக்கிறார். கர்த்தருடைய ஜெபத்தில் மட்டும் அவர் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கும். இது எனக்குப் போதுமா என்று கேட்டால், சில நாள் போதும், சில நாள் போதவில்லை. போதாத நாளிலும் நோட்டில் டிக் விழுகிறது.

போன வருஷம் புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தோம். தோட்டத்து வேலியோரம் நாலைந்து பனை பட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டு மதினி ஒரு சாக்கு நிறையப் பனங்கொட்டை பொறுக்கி வைத்திருந்தாள். அப்பா நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். என் மகள் கம்பியால் குழி தோண்ட, அவர் இடது கையால் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கொடுக்க, நான் வைத்து மண்ணைத் தள்ளினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணுவது அவருக்குத் தடையில்லாமல் வரும். மதினியின் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன மாமா, பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்னு சொல்லுவாவளே" என்று சிரித்தார்.

அது உண்மைதான். பனை பாளை விட ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு. எனக்கும் ஐம்பது ஆகப்போகிறது.

"அப்பா, இது யாருக்குப் பயினி தரும்?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளே எண்ண ஆரம்பித்தேன். நாலு. ஐந்து. புருவம் சுருங்கியது. கையில் இருந்த கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு. ஒன்பது.

"உனக்கு... இல்ல" என்றார். அப்புறம் குழிக்குப் பக்கத்தில் மண்ணோடு நின்ற என் மகளைக் கொட்டையாலேயே சுட்டினார். "அவளுக்கு."

சொல்லிவிட்டு, அதை என் கையில் வைத்தார். "பதினேழு."